கோட்டைக்குள் ஒரு குடிசை: தேநீர் ஆசான் ரிக்யூ ஏன் சாக வேண்டியிருந்தது?

1591ஆம் ஆண்டு ஏப்ரல் 21. ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் ஒரு வீட்டைச் சுற்றி 3,000 போர்வீரர்கள் காவல் நின்றார்கள். உள்ளே இருந்தவர் தளபதியோ கலகக்காரரோ இல்லை. கிட்டத்தட்ட 70 வயதுக் கிழவர். அவருடைய வேலை, தேநீர் தயாரித்துக் கொடுப்பது.

அன்று அவர் தன் வயிற்றைத் தானே கிழித்துக்கொண்டு சாக வேண்டும் என்பது உத்தரவு. உத்தரவு போட்டவர் டொயோடோமி ஹிதேயோஷி. மொத்த ஜப்பானையும் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எதிர்க்க ஆளே இல்லாத நிலையில் இருந்தவர், டீ போட்டுக் கொடுக்கிற ஒரு பெரியவரை ஏன் இப்படிச் சாகச் சொன்னார்?

அந்தப் பெரியவரின் பெயர் சென் நோ ரிக்யூ. ஜப்பானியக் கட்டடக்கலை என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் இரண்டு காட்சிகள் வரும். ஒன்று, கல் மதில்மேல் அடுக்கடுக்காக எழும்பி நிற்கும் வெள்ளைக் கோட்டை. இன்னொன்று, பாய் விரித்த சின்ன அறை, காகிதக் கதவு, மங்கலான வெளிச்சம். இரண்டும் வேறு வேறு காலத்துச் சமாச்சாரம் என்றுதான் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே தலைமுறையில், ஒரே ஆட்கள் கண்ணெதிரே உருவானவை. ரிக்யூவின் வாழ்க்கை அந்த இரண்டுக்கும் நடுவில்தான் கழிந்தது; முடிந்ததும் அங்கேதான்.

மீன் வியாபாரி வீட்டுப் பிள்ளை

ரிக்யூ பிறந்தது 1522இல், ஒசாகாவுக்குப் பக்கத்தில் உள்ள சகாய் துறைமுகத்தில். அப்பா மீன் மொத்த வியாபாரி. கடற்கரையில் சொந்தக் கிடங்குகள் வைத்திருந்தவர். பையனுக்கு வீட்டில் வைத்த பெயர் யோஷிரோ.

அன்றைய சகாய் சாதாரண ஊர் இல்லை. நாடு முழுக்கச் சிற்றரசர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், இந்த ஊரை வியாபாரிகளே கூடி நிர்வாகம் செய்தார்கள். ஊரைச் சுற்றி அகழி வெட்டியிருந்தார்கள். சீனச் சரக்கும், 1543இல் போர்த்துகீசியர்கள் வழியாக ஜப்பானுக்கு வந்த துப்பாக்கியும் இங்கே பெரிய வியாபாரம்.

அப்படிப்பட்ட ஊரில் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கற்க வேண்டிய கலைகளில் ஒன்று தேநீர். பச்சைத் தேயிலைப் பொடியைக் கிண்ணத்தில் போட்டு, வெந்நீர் ஊற்றி, மூங்கில் மத்தால் அடித்து நுரை வரவைப்பார்கள். செய்முறை அவ்வளவுதான். ஆனால் விருந்தாளியை எப்படி வரவேற்பது, எந்தக் கிண்ணத்தை எடுப்பது, சுவரில் எந்த ஓவியத்தைத் தொங்கவிடுவது என்று அதைச் சுற்றி ஒரு பெரிய கலையே வளர்ந்திருந்தது. இளைஞன் யோஷிரோ முதலில் கிதாமுகி தோச்சின் என்பவரிடமும், பிறகு தாகேனோ ஜோ-ஓ என்ற புகழ்பெற்ற ஆசானிடமும் சேர்ந்தான். கியோட்டோவின் டைடோகுஜி மடத்தோடு தொடர்புள்ள ஜென் துறவிகளிடமும் பாடம் படித்தான். சோ-எக்கி என்ற பெயர் கிடைத்தது. ரிக்யூ என்ற பெயர் வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது. குழப்பம் வேண்டாம் என்பதால் நாம் ரிக்யூ என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

அறையை ஏன் பாயால் அளக்கிறார்கள்?

இங்கே ஒரு சின்ன விளக்கம் தேவை. ஜப்பானில் அறையின் அளவை இத்தனை பாய் என்றுதான் சொல்வார்கள். தத்தாமி என்ற இந்தப் பாய், உள்ளே வைக்கோலை இறுக்கித் திணித்து, மேலே கோரை மாதிரியான ஒரு புல்லால் நெய்தது. ஒரு பாய் ஏறக்குறைய 6 அடி நீளம், 3 அடி அகலம். ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கிற அளவு.

ரிக்யூவுக்கு முந்திய நூற்றாண்டில் பிரபுக்களின் மாளிகைகளில் தேநீர் விருந்து பெரிய கூடங்களில் நடந்தது. சீனாவிலிருந்து வந்த விலை உயர்ந்த சாமான்களைப் பரப்பிவைத்து, இதோ பார் என்று காட்டுவதுதான் நோக்கம். முராதா ஜுக்கோ என்ற ஆசான் அந்தப் போக்கைத் திருப்பிவிட்டார். நாலரைப் பாய் அறை போதும் என்றார். சீனப் பீங்கானோடு உள்ளூர் மண் கிண்ணமும் இருக்கட்டும் என்றார்.

அந்த நாலரைப் பாய்க்குப் பின்னால் ஓர் இந்தியக் கதையும் உண்டு. வைசாலி நகரத்தில் வாழ்ந்த விமலகீர்த்தி என்ற இல்லறத்தாரைப் பற்றிய பௌத்த சூத்திரம் ஜப்பானில் மிகப் பிரபலம். அவருடைய சின்ன அறைக்குள் 32,000 சிம்மாசனங்கள் இடிபடாமல் அடங்கின என்கிறது அந்தச் சூத்திரம். பத்தடிச் சதுரம் என்று சொல்லப்பட்ட அந்த அறையின் அளவுதான் ஜென் மடத் தலைவரின் அறைக்கும், அதன் வழியே தேநீர் அறைக்கும் முன்மாதிரியானது.

ரிக்யூ அந்த நாலரைப் பாயையும் அதிகம் என்று நினைத்தார். மூன்று பாய், இரண்டு பாய், கடைசியில் ஒன்றரைப் பாய் என்று குறைத்துக்கொண்டே போனார். அவர் இப்படிக் குறைத்துக்கொண்டிருந்த அதே வருஷங்களில், நாட்டின் இன்னொரு பக்கம் கட்டடங்கள் உயர்ந்துகொண்டே போயின.

கோட்டைகள் வானத்தைத் தொட்ட காலம்

1568இல் ஓடா நொபுனாகா என்ற படைத்தலைவர் கியோட்டோவுக்குள் நுழைந்தார். நுழைந்த கையோடு சகாய் வியாபாரிகளிடம் 20,000 கான் நாணயம் கேட்டார். பணத்தைக் கொடுப்பதா, சண்டை போடுவதா என்று ஊர் இரண்டுபட்டது. கடைசியில் பணிந்தார்கள். அப்படிப் பணிந்துபோன ஊரிலிருந்து நொபுனாகா பணத்தோடு ஆட்களையும் எடுத்துக்கொண்டார். இமாய் சோக்யூ, த்சுதா சோக்யூ, நம் ரிக்யூ ஆகிய மூன்று வியாபாரிகள் அவருடைய தேநீர் ஆசான்கள் ஆனார்கள்.

போர்த்தலைவருக்கு டீ மாஸ்டர் எதற்கு என்று கேட்கலாம். அதில்தான் அரசியலே இருக்கிறது. பேர்பெற்ற தேநீர்க் கிண்ணங்களையும் ஜாடிகளையும் நொபுனாகா நாடெங்கும் தேடித் தேடி வாங்கினார், வாங்க முடியாதபோது வாங்கிக்கொண்டார். போரில் ஜெயித்த தளபதிக்கு நிலம் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு ஜாடி கொடுப்பார். நிலம் தீர்ந்துபோகும், ஜாடியின் மதிப்புக்கு எல்லை இல்லையே! அந்த மதிப்பை நிர்ணயிப்பவர் தேநீர் ஆசான். ரிக்யூ உலகத்தைத் துறந்த சாமியார் என்று நினைத்துவிடவும் கூடாது. 1575இல் ஒரு படையெடுப்புக்காக 1,000 துப்பாக்கிக் குண்டுகளை அனுப்பிவைத்ததற்கு நொபுனாகா அவருக்கு நன்றிக் கடிதம் எழுதியிருக்கிறார். சகாய் வியாபாரி, கடைசிவரை வியாபாரிதான்.

1576இல் பிவா ஏரிக்கரையில் நொபுனாகா அசுச்சி கோட்டையைக் கட்டத் தொடங்கினார். அதற்கு முன்பு ஜப்பானியக் கோட்டை என்றால் பெரும்பாலும் மலைமேல் மரவேலி, மண்மேடு, ஒரு காவல் கூடு. அசுச்சி அதை மாற்றிவிட்டது. சாந்து பூசாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய பெரிய கற்களால் அடித்தளம். அதன்மேல் மரத்தாலான ஏழு தளக் கோபுரம். உள்ளே கானோ எய்த்தோக்கு என்ற ஓவியரின் தலைமையில் தங்கத் தகட்டுப் பின்னணியில் தீட்டிய ஓவியங்கள். நேரில் பார்த்த போர்த்துகீசியப் பாதிரியார் லூயிஸ் ஃப்ரோய்ஸ் அசந்துபோய் எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் கோபுரம் எதிரியைத் தடுக்க மட்டுமே கட்டியது இல்லை, பார்ப்பவனை மலைக்கவைக்கக் கட்டியது. உள்ளே போனாலும் அதே கதைதான். தலைவர் உட்காரும் தரை ஒரு படி உயரமாக இருக்கும். அடுத்த தகுதிக்காரருக்கு அதற்குக் கீழே. இன்னும் கீழே உள்ளவருக்கு இன்னும் தள்ளி. நீ யார் என்பதைக் கட்டடமே சொல்லிவிடும்.

அசுச்சி கோபுரம் முழுதாக மூன்றே மூன்று வருஷம்தான் நின்றது. 1582இல் ஒரு தளபதியின் துரோகத்தால் நொபுனாகா கியோட்டோவின் ஹொன்னோஜி கோயிலில் செத்துப்போனார். சில நாள்களிலேயே அசுச்சியும் எரிந்தது.

இரண்டு பாய் அறைக்குள் என்ன இருந்தது?

நொபுனாகாவுக்காகப் பழிதீர்த்து அவர் இடத்தைப் பிடித்தவர் ஹிதேயோஷி. பரம்பரைப் பெருமை எதுவும் இல்லாத எளிய வீட்டில் பிறந்து, நொபுனாகாவிடம் எடுபிடியாகச் சேர்ந்து மேலே வந்தவர். கியோட்டோவுக்குத் தெற்கே யாமாசாக்கியில் துரோகியைத் தோற்கடித்த அவர், அங்கேயே கொஞ்ச காலம் தங்கினார். அந்தச் சமயத்தில் அவருக்காக ரிக்யூ அமைத்த அறை என்று கருதப்படுவதுதான் தை-ஆன். இன்று யாமாசாக்கியில் மியோகி-ஆன் என்ற சின்னக் கோயிலில் இருக்கிறது. ரிக்யூவின் கைவேலை என்று சொல்லப்படும் தேநீர் அறைகளில் மிஞ்சியிருப்பது இது ஒன்றே.

அறையின் அளவு இரண்டு பாய். 40 சதுர அடிகூட வராது. வீட்டுக்காரர் ஒருவர், விருந்தாளிகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்காலோடு முழங்கால் முட்டும்.

வாசல்தான் முதல் ஆச்சரியம். உயரமும் அகலமும் சுமார் இரண்டரை அடி. நின்றுகொண்டு நுழைய முடியாது; மண்டியிட்டு, தலையைக் குனிந்து, கையை ஊன்றி ஊர்ந்துதான் போக வேண்டும். இடுப்பில் நீளக் கத்தி இருந்தால் இடிக்கும். அதனால் தேநீர் அறைகளின் வெளியே கத்தியைத் தொங்கவிட ஓர் அலமாரித் தட்டு வைக்கும் வழக்கம் வந்தது. ஆற்றில் மீனவர்கள் படகுக் கூண்டுக்குள் குனிந்து நுழைவதைப் பார்த்து ரிக்யூவுக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள்.

சுவர் மண் சுவர். நறுக்கிய வைக்கோல் கலந்த சேறு. வைக்கோல் துணுக்கு வெளியே தெரியும்படி அப்படியே விட்டிருக்கிறார். ஜன்னலும் அப்படித்தான். மண் சுவருக்குள் மூங்கிலிலும் நாணலிலும் வரிச்சு கட்டுவார்கள் இல்லையா? ஒரு பகுதியில் மண் பூசாமல் விட்டுவிட்டால், அந்த வரிச்சே ஜன்னல் கம்பி ஆகிவிடுகிறது. உள்பக்கம் காகிதத் தட்டி. அதன் வழியே வெளிச்சம் வடிகட்டி வரும். ஏழைக் குடியானவன் வீட்டில் பூச மண் போதாமல் விட்ட இடம், இங்கே வேண்டுமென்றே செய்த வேலைப்பாடு ஆனது.

இவ்வளவு சின்ன அறை மூச்சுமுட்ட வேண்டாமா? அங்கேதான் ரிக்யூவின் கெட்டிக்காரத்தனம். ஓவியமும் பூவும் வைக்கிற மாடத்தின் உள்மூலைகளைக் கூர்மையாக விடாமல், மூலைத்தூண் தெரியாதபடி மண்ணால் உருட்டிப் பூசினார். எங்கே சுவர் முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. கூரையின் உள்பக்கத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஒன்றைச் சாய்வாக விட்டார். அடுப்பை ஒரு மூலைக்கு ஒதுக்கினார். ஆறடிக்கு ஆறடி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு இடம் விரிந்த மாதிரி தோன்றும்.

முக்கியமான விஷயம், இதில் தலைவருக்கென்று உயர்ந்த தரை கிடையாது. உள்ளே வந்துவிட்டால் ஹிதேயோஷியும் அதே பாயில்தான் உட்கார வேண்டும். கோட்டை எதற்காகக் கட்டப்பட்டதோ, அதை இந்த அறை வாசலிலேயே கழற்றி வைக்கச் சொன்னது.

தங்கத்தில் ஓர் அறை

1583இல் ஹிதேயோஷி ஒசாகா கோட்டையைத் தொடங்கினார். அசுச்சியையும் மிஞ்ச வேண்டும் என்பதே திட்டம். பாறைகள் கடல்வழியாகவும் ஆற்றுவழியாகவும் வந்து இறங்கின. அந்தப் பிரம்மாண்டத்துக்கு நடுவே மலைக் கிராமம் என்ற பொருளில் யாமாசாத்தோ என்று ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். 1584 தொடக்கத்தில் அங்கே ரிக்யூவின் இரண்டு பாய் தேநீர் அறை திறக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய கோட்டைக்குள், நாட்டிலேயே சின்ன வீடு.

ஹிதேயோஷிக்கு இரண்டும் வேண்டியிருந்தது. 1585இல் அவர் பேரரசர் ஓகிமாச்சிக்கு அரண்மனையில் தேநீர் விருந்து கொடுத்தார். வியாபாரி ஒருவர் அரண்மனைக்குள் உதவிக்கு வர வேண்டுமென்றால் தகுதியான பட்டம் வேண்டும். அப்போது கிடைத்ததுதான் ரிக்யூ என்ற பெயர். உலகம் அவரை அறிந்திருக்கும் பெயரோடு அவர் வாழ்ந்தது கடைசி ஆறு வருஷம் மட்டுமே.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஹிதேயோஷி அதே அரண்மனைக்கு ஒரு தங்க அறையைக் கொண்டுபோனார். கழற்றி மாட்டக்கூடிய மூன்று பாய் அறை அது. சுவர், தூண், கூரை எல்லாம் தங்கத் தகடு. பாய்க்குச் சிவப்புக் கம்பளித் துணி. கெண்டி முதல் கிண்ணம்வரை தங்கம்தான். ரிக்யூவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் ஆட்சியாளரின் தலைமைத் தேநீர் ஆசானாக அப்போது இருந்தவர் அவர்தான். மண் குடிசைக்காரரை அந்தத் தங்க அறையிலிருந்து முழுசாகப் பிரித்துவிட முடியாது.

1587இல் கியோட்டோவின் கித்தானோ கோயில் தோப்பில் ஹிதேயோஷி ஒரு மாபெரும் தேநீர்க் கூட்டம் அறிவித்தார். குடியானவர், வியாபாரி, யார் வேண்டுமானாலும் வரலாம். ஒரு கெண்டியும் கிண்ணமும் கொண்டுவந்தால் போதும். தேயிலை இல்லையா, வறுத்த மாவாவது கொண்டுவாருங்கள் என்றது அறிவிப்பு. மரங்களுக்கு அடியில் இரண்டு மூன்று பாய் விரித்து நூற்றுக்கணக்கானோர் கடை விரித்தார்கள். ஹிதேயோஷியும் ரிக்யூவும் தங்கள் கையாலேயே தேநீர் போட்டுக் கொடுத்தார்கள். பத்து நாள் நடக்கும் என்று சொன்ன விழா ஒரே நாளில் முடிந்துபோனது வேறு கதை.

இந்தக் காலத்தில் ரிக்யூவுக்கு 3,000 கொக்கு அரிசி வருமானம். ஹிதேயோஷியின் தம்பி ஹிதேநாகா ஒரு விருந்தாளிப் பிரபுவிடம், வெளிவிவகாரம் என்றால் என்னிடம் வாருங்கள், உள்விவகாரம் என்றால் ரிக்யூவிடம் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பாய் அறையில் காது கொடுத்துக் கேட்க மூன்றாம் ஆள் இருக்க மாட்டார். ரகசியம் பேச அதைவிட நல்ல இடம் கோட்டையில் எங்கே கிடைக்கும்? ரிக்யூவின் அறை அதிகாரத்துக்கு வெளியே இருந்ததாக நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அது அதிகாரத்தின் நட்டநடுவில் இருந்தது.

எங்கே விரிசல் விழுந்தது?

ரிக்யூவின் ரசனைக்கு வேறு சில சாட்சிகளும் உண்டு. கூரை ஓடு செய்கிற சோஜிரோ என்ற கைவினைஞரைக் கூப்பிட்டு, சக்கரம் இல்லாமல் கையாலேயே தேநீர்க் கிண்ணம் வனையச் சொன்னார். கறுப்பும் சிவப்புமாக, பளபளப்பு இல்லாத தடித்த கிண்ணங்கள். ராக்கு என்று இன்று உலகம் கொண்டாடும் மண்பாண்டத்தின் தொடக்கம் அது. ஹிதேயோஷிக்குக் கறுப்புக் கிண்ணம் பிடிக்காது என்று அன்றைய வியாபாரி ஒருவரின் நாட்குறிப்பு சொல்கிறது. ரிக்யூ கறுப்பை விடவில்லை.

காலைப்பூ கதை ஜப்பானியக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். ரிக்யூ தோட்டத்தில் காலைப்பூ அப்படிப் பூத்திருக்கிறது என்று கேள்விப்பட்டு ஹிதேயோஷி பார்க்க வந்தாராம். தோட்டத்தில் ஒரு பூ இல்லை. எல்லாவற்றையும் வெட்டித் தள்ளியிருந்தார் ரிக்யூ. கோபத்தோடு குனிந்து அறைக்குள் நுழைந்தால், மாடத்தில் ஒரே ஒரு பூ. கதை பிற்காலத்துச் சரடாகவே இருக்கட்டும். ரசிக்க வந்த இடத்தில் எதைப் பார்ப்பது என்று தீர்மானிக்கிற உரிமை யாருக்கு என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது. ஆட்சியாளருக்கு அந்தக் கேள்வி உறுத்தாமல் இருக்குமா?

1590இல் ஒடவாரா முற்றுகைக்கு ஹிதேயோஷி போனபோது ரிக்யூவும் கூடப் போனார். அங்கே மலை மூங்கிலை வெட்டிப் பூச்சாடி செய்தார். அதில் ஒன்றில் நீளமாக விரிசல், தண்ணீர் கசியும். அந்த விரிசலுக்காகவே அது புகழ்பெற்றது. இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே முற்றுகையில் இன்னொன்றும் நடந்தது. ரிக்யூவின் மூத்த சீடர் யாமானோஉயே சோஜி பேச்சில் பணிவு காட்டவில்லை என்பதற்காக ஹிதேயோஷியின் உத்தரவில் கொல்லப்பட்டார். எச்சரிக்கை மணி அடித்துவிட்டது.

1591 தொடக்கத்தில் தம்பி ஹிதேநாகா நோயில் இறந்தார். ரிக்யூவுக்கு இருந்த பெரிய நிழல் போனது. ஒரு மாதம் கழிவதற்குள் குற்றச்சாட்டு வந்தது.

என்ன குற்றம்?

இரண்டு புகார்கள். முதலாவது, ஒரு கட்டடத்தைப் பற்றியது. டைடோகுஜி மடத்தின் முன்வாயிலுக்கு ரிக்யூ தன் செலவில் மேல்மாடி கட்டிக் கொடுத்திருந்தார்; 1589இல் வேலை முடிந்தது. நன்றிக்காக மடத்தார் காலில் செருப்புப் போட்ட ரிக்யூவின் மரச்சிலை ஒன்றை அந்த மாடியில் வைத்தார்கள். வாசலில் நுழைகிற எல்லாரும், ஹிதேயோஷி உள்பட, ரிக்யூவின் செருப்புக்குக் கீழேதான் போக வேண்டியிருக்கும். அது அவமதிப்பாம்.

யோசித்துப் பாருங்கள். வந்தவர் யாராக இருந்தாலும் தலையைக் குனியவைத்தது அவருடைய தேநீர் அறை. அதை ஹிதேயோஷி ஏற்றுக்கொண்டார், ரசிக்கவும் செய்தார். அதே ஆளின் மரக்கால் ஒரு மாடியில் இருப்பது மட்டும் பொறுக்கவில்லை. அறைக்குள் தானே விரும்பிக் குனிந்தார். இங்கே ஊர் பார்க்கக் குனியவைத்துவிட்டான் என்று தோன்றியிருக்கலாம்.

இரண்டாவது புகார், தேநீர்ச் சாமான்களை அநியாய விலைக்கு விற்றார் என்பது. கேட்க அற்பமாக இருக்கலாம். ஆனால் விரிசல் விட்ட மூங்கில் துண்டுக்கு ஒருவர் வாய்ச்சொல்லாலேயே மதிப்பு வந்துவிடுகிறது என்றால், தங்கத்தை வைத்திருப்பவரின் கதி என்ன? நிலத்தையும் பொன்னையும் பங்கிட்டுக் கொடுத்துத்தான் ஹிதேயோஷி ஆண்டார். ரிக்யூ அவருக்குக் கட்டுப்படாத ஒரு நாணயச்சாலை மாதிரி ஆகிவிட்டிருந்தார்.

இதைத் தாண்டி அரசவைக்குள் நடந்த கோஷ்டிச் சண்டை, கொரியப் படையெடுப்பு பற்றிய கருத்து வேறுபாடு, ரிக்யூவின் மகளை ஹிதேயோஷி கேட்டது என்று பல காரணங்களை வரலாற்றாளர்களும் கதாசிரியர்களும் சொல்லிவருகிறார்கள். ஒன்றும் உறுதியாகவில்லை.

சாவுக்கு இரண்டு வாரம் முன்பு, சகாய்க்குத் திரும்பிப் போய் வீட்டோடு கிட என்று உத்தரவானது. படகில் கிளம்பிய கிழவரை வழியனுப்ப யாருக்கும் துணிச்சல் வரவில்லை. யோதோ ஆற்றங்கரையில் வந்து நின்றவர்கள் இரண்டே சீடர்கள்: ஹொசொகாவா சன்சாய், ஃபுருதா ஒரிபே. மன்னிப்புக் கேட்டால் பிழைக்கலாம் என்று நண்பர்கள் வழி தேடினார்கள். ரிக்யூ கேட்கவில்லை. டைடோகுஜியின் மரச்சிலையை இறக்கி, கியோட்டோவின் இச்சிஜோ பாலத்தருகே குற்றவாளி மாதிரி மரத்தில் கட்டிவைத்தார்கள்.

பிறகு ரிக்யூவை மறுபடி கியோட்டோவுக்கு வரவழைத்தார்கள். சீடர்களாக இருந்த பிரபுக்கள் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தில்தான் அந்த 3,000 வீரர்கள். சாவுக்கு முன் கவிதை எழுதினார். சாவைப் பார்வையிட வந்த அதிகாரிகளுக்கும் தேநீர் கொடுத்தார் என்று சொல்வார்கள். அவருடைய தலையை அதே பாலத்தருகே, அந்தச் சிலையின் காலடியில் வைத்தார்கள்.

எது மிஞ்சியது?

அடுத்த ஆண்டே ஹிதேயோஷி கொரியாமீது படையெடுத்தார். அந்த 1592இன் கடைசியில், கியோட்டோவுக்குத் தெற்கே ஃபுஷிமியில் தனக்கு ஒரு புது மாளிகைக் கோட்டை கட்டுவது பற்றித் தன் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில், ரிக்யூவின் ரசனைக்கு ஏற்றபடி கவனமாகச் செய்ய வேண்டும் என்று குறிப்பிட்டிருந்தார். ரிக்யூ செத்து இரண்டு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கொன்றவருக்கே அந்தக் கண் தேவைப்பட்டது.

கொஞ்ச காலத்தில் ரிக்யூவின் குடும்பத்துக்கும் மன்னிப்புக் கிடைத்தது. வளர்ப்பு மகன் ஷோ-ஆன் கியோட்டோ திரும்பினார். பேரன் சோத்தானின் பிள்ளைகள் காலத்தில் ஓமோத்தேசென்கே, உராசென்கே, முஷாக்கோஜிசென்கே என்று மூன்று தேநீர்க் குடும்பங்கள் பிரிந்தன. மூன்றும் இன்றும் கியோட்டோவில் தேநீர்க் கலையைக் கற்றுக்கொடுக்கின்றன. ஆற்றங்கரையில் வந்து நின்ற ஒரிபே மட்டும் குருவின் வழியிலேயே போனார். 1615இல் அடுத்த ஆட்சியாளரான தொகுகாவா குடும்பம் அவரையும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னது.

ஹிதேயோஷியின் கட்டடங்கள் என்ன ஆயின? ரிக்யூவின் கடைசி வீடு இருந்த ஜுராக்குதாய் மாளிகையை 1595இல் ஹிதேயோஷியே இடித்துத் தள்ளினார். ஃபுஷிமி 1596 நிலநடுக்கத்தில் சரிந்தது. திரும்பக் கட்டியதும் நிலைக்கவில்லை. ஒசாகா கோட்டை 1615 போரில் எரிந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் ஒசாகா கோபுரம் 1931இல் கான்கிரீட்டில் கட்டியது. அசல் தங்க அறை இப்போது இல்லை. அருங்காட்சியகங்களில் இருப்பவை மறு உருவாக்கம். அந்தக் காலக் கோட்டைக் கலையை மரத்திலேயே பார்க்க வேண்டுமென்றால் ஹிமேஜிக்குப் போகலாம். 1609இல் முடிந்த அதன் கோபுரம் அப்படியே நிற்கிறது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஜப்பானில் பழைய கோபுரத்தோடு மிஞ்சிய கோட்டைகள் மொத்தம் 12தான்.

வைக்கோலும் சேறும் சேர்த்துப் பூசிய அந்த இரண்டு பாய் அறை, 400 வருஷம் தாண்டியும் இருக்கிறது. தேசியப் பொக்கிஷம் என்று அரசு அறிவித்த மூன்று தேநீர் அறைகளில் தை-ஆனும் ஒன்று. மண் சுவர் தானாக நின்றுவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்ததால் நின்றது. கோட்டையை எரிக்க எதிரிகள் இருந்தார்கள்; இதை எரிக்க யாருக்கும் காரணம் இருக்கவில்லை.

முன்கூட்டியே அனுமதி வாங்கினால் தை-ஆனைப் பார்க்கலாம். உள்ளே கால்வைக்க விடுவதில்லை, வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். அந்த இரண்டரை அடி வாசல் வழியே மாடம் தெரிய வேண்டுமென்றால், யாராக இருந்தாலும் இன்றும் கொஞ்சம் குனியத்தான் வேண்டியிருக்கிறது.